நேர்ஸ் உடுப்பில் என் தங்கை

1

சென்ற மாதம் குணரத்தினம் அண்ணை தொலைபேசி எடுத்தார். மெல்பேர்னில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அவர். ஆண்டு மலருக்கு என் தங்கையைப் பற்றி ஓர் அஞ்சலிக் கட்டுரை வேண்டும், இரண்டு பக்கம் போதும் என்றார். அவள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, மலர் வெளிவரும் நேரத்துக்கு அது பொருத்தமாக இருக்குமாம். கூடவே ஒரு படமும் கேட்டார்.

"அந்த நேர்ஸ் உடுப்போட நிக்கிற படம் இருந்தால் நல்லம், பிள்ளை. சனத்துக்கு அதுதான் ஞாபகம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு இரண்டு தரம் உட்கார்ந்து பார்த்தேன். 'பிரித்தானியத் தொலைக்காட்சியில் தடம் பதித்த ஈழத்துத் தாரகை' என்று ஒரு வரி வந்தது. அழித்துவிட்டேன். மலருக்கு எழுத முடியாததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். எழுதுங்கள், ஆனால் நல்லவராக நடிக்காமல் எழுதுங்கள் என்றாள்.

என் பெயர் பவானி. கிரெய்கிபர்னில் இருக்கிறேன். மெல்பேர்னின் வடக்கு விளிம்பு. நான் வந்தபோது காய்ந்த புல்வெளியாகக் கிடந்த இடம், இப்போது ஒரே அச்சில் வார்த்த வீடுகள். வேலை மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரிகளிலும் விசா விசாரணைகளிலும் தமிழர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன். அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் "என்னை அடிச்சவங்கள்" என்றால் நானும் ஆங்கிலத்தில் "என்னை அடித்தார்கள்" என்றே சொல்ல வேண்டும். "இவரை அடித்தார்களாம்" என்று தள்ளி நிற்கக்கூடாது. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அறையை விட்டு வெளியே வந்தபின் அதைப்பற்றி யாரிடமும் மூச்சுவிடக்கூடாது. விட்டால் அன்றோடு வேலை போய்விடும். இருபது வருடமாக முன்பின் தெரியாத மனிதர்களின் கதைகளை நான் அப்படித்தான் காத்து வருகிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

2

தயாளினி என்னைவிட இரண்டு வயது இளையவள். பத்தொன்பது வயதில் தாதிப் பயிற்சிக்காக லண்டன் போனாள். அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், எழுதுவினைஞர். வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய முதல் ஆள் எங்கள் ஒழுங்கையில் அவர்தான்.

ஒன்றரை வருடம் படித்தாள். அவள் வேலை பழகிய வார்டில் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு ஊழியர்கள் சேர்ந்து ஒரு நாடகம் போட்டார்களாம். அதில் நடித்ததைப் பார்த்த ஒரு நோயாளி, அவர் நாடகப் பள்ளி ஒன்றில் ஆசிரியை, இவளைத் தன்னிடம் வரச் சொல்லியிருக்கிறார். போய்விட்டாள். "அப்பா, நான் தாதிப் படிப்பை விட்டுவிட்டேன். நடிக்கப் படிக்கிறேன். கோபிக்க வேண்டாம்" என்று கடிதம் வந்தது. அப்பா அதை வாசித்து, மடித்து, அலுமாரித் தட்டில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே வைத்தார். மூன்று வருடம் அவள் பெயரைச் சொல்லவில்லை.

அவர் சொல்லாவிட்டால் என்ன, ஊர் சொன்னது. அந்த நேரம் எனக்கு ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிந்திருந்தது. மாப்பிள்ளை எஞ்சினியர். சாதகம் பொருந்தி, நாள் பார்க்கிற கட்டத்தில் அவருடைய தாயார் ஆள் அனுப்பினார். "தங்கச்சிக்காரி லண்டனில ஆட்டக்காரியாம். நாங்கள் யோசிக்க வேணும்." அவர்கள் யோசித்து முடிக்கவே இல்லை. அந்த எஞ்சினியரின் தம்பிதான் எங்கள் குணரத்தினம் அண்ணை. அவருக்கு இது ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அதன் பிறகு வந்த இரண்டு சம்பந்தங்களும் அதே மாதிரிக் கலைந்தன.

தயாவுக்கு அங்கே பூப்படுக்கை ஒன்றும் இல்லை. தயாளினி சிவப்பிரகாசம் என்ற பெயர் யாருடைய வாயிலும் நுழையவில்லை என்று அவளுடைய முகவர் அதைத் 'தயா பிரகாஷ்' ஆக்கினார். பிறகு அந்தத் தயாவையும் 'டாயா' என்றார்கள். ஒன்பது பத்து வருடம் சின்னச் சின்ன வேடங்கள். விமான நிலையத்தில் அழும் பெண். மூலைக்கடைக்காரரின் மனைவி. ஒரு துப்பறியும் தொடரில் பிணம். இந்திய உச்சரிப்பில் பேசச் சொன்னார்களாம். எங்கள் உச்சரிப்பு அவர்களுக்கு இந்தியாவாகக் கேட்கவில்லை. தெருமுனைக் கடையில் இருந்த குஜராத்தி அம்மாவிடம் தினமும் பால் வாங்கப் போய், அவர் பேசுவதைக் கேட்டுப் பழகினாள்.

பிறகு ஒரு மருத்துவமனைத் தொடரில் இடம் கிடைத்தது. வாராவாரம் ஓடுகிற தொடர். அதில் அவள் நேர்ஸ் பட்டேல். நீல உடுப்பு, நெஞ்சில் கவிழ்த்துக் குத்திய மணிக்கூடு. அந்த உடுப்போடு எடுத்த படம் ஒன்றை வீட்டுக்கு அனுப்பினாள்.

அப்பா அதைச் சட்டம் போட்டு முன் விறாந்தையில் மாட்டினார். வருகிறவர்கள் கேட்டால் "சின்னவள் லண்டனில ஆஸ்பத்திரியில நிக்கிறா" என்பார். அது முழுப்பொய்யும் இல்லை. எங்கள் ஊரில் அப்போது மின்சாரமே இல்லை, லண்டன் தொலைக்காட்சியை யார் பார்க்கப் போகிறார்கள். அந்தப் படம் ஏறிய வருடமே எனக்குக் கல்யாணம் பொருந்தியது. எனக்கு முப்பத்து மூன்று வயது. மாப்பிள்ளையின் தாயார் படத்தைப் பார்த்து, தங்கச்சி நேர்ஸ்தானே என்று கேட்டார். அப்பா ஓம் என்றார்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் நான் உண்மையை என் கணவரிடம் சொன்னேன். அவர் பெயர் ரவீந்திரன், தபால் கந்தோரில் வேலை. சிரித்தார். லண்டனிலிருந்து சிநேகிதன் எப்போதோ எழுதிவிட்டானாம். "உம்மட தங்கச்சி எங்களுக்கு ஊசி போடப்போறதில்லைதானே," என்றார். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை.

3

எங்கள் மகள் மீரா பிறந்து எட்டாம் மாதம் அவர் ஒரு காலையில் வேலைக்குப் போனார். சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறக்கியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. சைக்கிள் அங்கேயே ஒரு மதிலில் சாய்ந்து நின்றது. நானும் அப்பாவும் போகாத முகாம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. அப்பா அந்த அலைச்சலிலேயே போய்ச் சேர்ந்தார்.

மீராவுக்கு நாலு வயதானபோது என் கணவரின் தமையனார் எங்களை மெல்பேர்னுக்கு எடுத்தார். வந்த முதல் வாரமே ஒரு படிவம். மணமானவர், மணமாகாதவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர், பிரிந்து வாழ்பவர். நான் எதையும் தொடாமல் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையானவள். இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றேன். விவாகரத்துப் பத்திரம், அதுவும் இல்லை. ஒன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டாள். பிறகு பேனையால் கடைசிப் பெட்டியைக் காட்டினாள். அன்றிலிருந்து இந்த நாட்டின் கணக்கில் நான் கணவரைப் பிரிந்து வாழ்பவள். ஏதோ அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தவள் மாதிரி.

மீராவுக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோது தகப்பனின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் அவர் இறந்ததற்கு அத்தாட்சி. இரண்டும் இல்லையென்று விளக்கி, சத்தியக் கடதாசி முடித்து, அதைத் திருப்பி அனுப்பி, மறுபடி கொடுத்து, ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது.

பள்ளிக்கூடத்தில் மீராவின் ஆசிரியை ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். தன் அப்பா தொலைந்து போய்விட்டார் என்று மீரா வகுப்பில் சொல்லியிருக்கிறாள். கடைத் தொகுதியிலா என்று ஒரு பிள்ளை கேட்டதாம். வீட்டில் 'காணாமல் போனவர்' என்று நாங்கள் சொல்வதை அவள் தன் ஆங்கிலத்தில் மாற்றியிருந்தாள். நான் ஆசிரியையிடம் விளக்கினேன். மீராவிடம் விளக்கவில்லை. அவள் கேட்டபோதெல்லாம், "அப்பா வேலைக்குப் போனவர், வரேல்ல" என்பேன். பிறகு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவேன். பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழையும் விட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அப்படியே பழகிவிட்டோம்.

4

அம்மாவை ஒருமுறையாவது இங்கே கூப்பிட ஆசைப்பட்டேன். சுற்றுலா விசாவுக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தேன். திரும்பிப் போவார் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை என்று இரண்டு தரமும் ஒரே வசனத்தில் கடிதம் வந்தது. அம்மா ஊரிலேயே இறந்தார். சண்டையில் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியிருந்த காலம், நானும் போகவில்லை, தயாவும் போகவில்லை.

அம்மா இறந்த அதே மாதம் தொடரிலிருந்து நேர்ஸ் பட்டேலை எடுத்துவிட்டார்கள். வயதான தாயைப் பார்க்க அவள் குஜராத்துக்குத் திரும்பிப் போவதாகக் கதை. கடைசிக் காட்சியில் வார்டில் எல்லோரும் நின்று அவளை வழியனுப்புகிறார்கள். தயா எனக்குச் சொன்னாள்: "அக்கா, அழச் சொன்னாங்கள். அம்மாவை நினைச்சு அழுதன். ஒரே தரத்தில எடுத்தாங்கள். நல்லா வந்தது எண்டு கை தட்டினாங்கள்."

அவளைத் தேற்றினேன். இப்போது யோசித்தால் அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பன்னிரண்டு வருடம் அந்த உடுப்பில் இருந்தவளுக்கு அதைக் கழற்றியபின் வேறு உடுப்புக் கிடைக்கவில்லை. குண்டு வைத்தவனின் தாய். மகளைக் கட்டாயக் கல்யாணத்துக்கு இழுக்கும் தாய். பிறகு அதுவும் குறைந்தது. கல்யாணம் செய்யவில்லை. ஒருவரோடு சில காலம் இருந்தாள், அவர் போய்விட்டார். இதையெல்லாம் அவள் முறைப்பாடாகச் சொன்னதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கதைப்போம், வெயில் குளிர் பற்றி.

ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு குளிர்காலத்தில் அவள் வாராவாரம் தொலைபேசி எடுக்கத் தொடங்கினாள். எனக்கு ஞாயிறு காலை, அவளுக்கு இன்னும் சனிக்கிழமை. முதலில் மீராவைப் பற்றி, என் முழங்கால் வலியைப் பற்றி. பிறகு ஒருநாள், "அத்தான் போன அண்டைக்கு என்ன நடந்தது, அக்கா? நீங்கள் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்ல," என்றாள்.

என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. கந்தோர்களில் கேட்டார்கள், அது திகதிக்கும் நேரத்துக்கும். ஒரு சகோதரி கேட்பது போல அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் சொன்னேன். ஒரு ஞாயிறில் முடியவில்லை, நாலைந்து ஞாயிறு சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். சிலவேளை, பிறகு என்ன செய்தனீங்கள், கையில் என்ன வைத்திருந்தனீங்கள் என்று கேட்பாள். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு நல்ல நித்திரை வந்தது.

5

ஒரு வருடத்துக்கு மேல் போனது. மீரா அப்போது சிட்னியில் வேலை கிடைத்துப் போயிருந்தாள். கெல்லிவில்லில் இரண்டு சிநேகிதிகளோடு ஒரு வீட்டில் இருந்தாள். மாதக்கணக்கில் என்னைக் கூப்பிடமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு அழுதாள்.

சித்தி நடித்த படம் ஒன்று இங்கே தொலைக்காட்சியில் வந்ததாம். தனிப்படம், ஒன்றரை மணி நேரம். சித்தியை இப்படிப் பார்த்ததே இல்லையாம். லண்டனில் அவளுக்குப் பரிசும் கிடைத்திருக்கிறதாம், எனக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். கதை என்ன என்று கேட்டேன்.

ஏதோ ஒரு நாடு, பெயர் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் கணவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் காலை அவன் தோய்த்துக் கொடியில் காயப்போட்ட சேட் ஒன்றை ஈரத்தோடு எடுத்துப் போடுகிறான். அவள் ஏசுகிறாள், காயும் வரைக்கும் பொறுக்க முடியாதா, சளி பிடித்தால் நான்தானே பார்க்க வேணும் என்று. அவன் சிரித்துக்கொண்டு, வழியில் காற்றில் காய்ந்துவிடும் என்று சொல்லிச் சைக்கிளில் ஏறுகிறான். அவள் கோபத்தில் வாசல் படலைக்குப் போகவில்லை. கையசைக்கவில்லை. "அதைத்தான் அம்மா தாங்க முடியேல்ல. அவள் படலைக்குப் போகேல்ல." இதையெல்லாம் மீரா ஆங்கிலத்தில்தான் சொன்னாள். 'கேட்' என்பதற்குத் தமிழில் படலை என்று அவளுக்குத் தெரியாது.

தொலைபேசி வேலை செய்கிறதா என்று இரண்டு தரம் கேட்டாள். கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் மகள் தன் தகப்பனின் கடைசிக் காலையைத் தொலைக்காட்சியில் பார்த்து, அது வேறு யாரோ என்று நினைத்து அழுதிருக்கிறாள்.

தயா எடுத்தபோது நான் எடுக்கவில்லை. அவள் அனுப்பிய செய்திகளை வாசிக்காமல் அழித்தேன். ஒன்றரை வருடத்துக்கு மேல் அப்படி இருந்தேன்.

6

பரிசு கிடைத்த செய்தி எங்கள் சங்கத்துக்கும் எட்டியது. குணரத்தினம் அண்ணை அவளைக் கலைவிழாவுக்குப் பிரதம விருந்தினராக அழைத்தார். அக்கா வீட்டில்தானே நிற்பா என்று என்னைக் கேட்காமலே ஒழுங்கு செய்துவிட்டார். அம்மாவுக்கு இரண்டு தரம் இல்லையென்ற விசா, பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்த தயாவுக்கு ஒரே நாளில் வந்தது.

விமான நிலையத்தில் அவளைக் கண்டபோது முடி முழுக்க நரைத்திருந்தது. கட்டிப்பிடித்தாள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். சிட்னியிலிருந்து மீராவும் வந்திருந்தாள். வீடு வரைக்கும் அவர்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள், நான் கார் ஓட்டினேன்.

விழா கிளென் வேவர்லியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். எங்கள் மண்ணின் மகள் என்று அறிமுகம் செய்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தயா மேடைத் தமிழ் பேச முயன்று தடுமாறினாள். "உங்களில எனக்குச் சரியான வெறுப்பு" என்றாள். விருப்பம் என்று சொல்ல வந்தது. மண்டபம் சிரித்துக் கைதட்டியது, அவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் அது பிழையாகப் படவில்லை.

பிறகு விளக்கை அணைத்து, பரிசு பெற்ற அந்தப் படத்தின் ஒரு பகுதியைத் திரையில் போட்டார்கள். ஒரு குசினி. வடநாட்டுப் பாணியில் முந்தானையை முன்னால் போட்டுச் சேலை கட்டிய தயா, கொடியிலிருந்து ஒரு சேட்டை இழுக்கும் மனிதனைப் பார்த்துத் திரும்புகிறாள். நான் எழுந்து வெளியே போய்க் கார் நிறுத்தும் இடத்தில் நின்றேன். உள்ளே பெண்கள் விம்முவது கேட்டது. திரும்பிப் பார்த்தபோது மண்டப வாசலில் மீரா நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை மீரா இன்னும் எழும்பவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் குசினியில் தயாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். அவள் கதிரையில் இருந்தபடி, "நீங்கள் ஏசுங்கோ, அக்கா. ஏசாமல் இருக்கிறது பயமாக் கிடக்கு," என்றாள்.

"நீ என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருக்க மாட்டீங்கள்."

"அதுக்காகத்தான் ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தனியா?"

படத்தின் எழுத்தாளர் அந்தக் காட்சிக்கு வெறும் ஓலம்தான் எழுதியிருந்தார் என்றாள். கணவனைக் கொண்டுபோகிறார்கள், மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்துகிறாள். அது பொய் என்று இவளுக்குப் பட்டது. உண்மையில் எப்படி இருந்தது என்று அறியத்தான் முதல் தரம் என்னை எடுத்தாள். பிறகு ஒத்திகையில் ஒருநாள் அந்த ஈரச் சேட்டைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அப்படியே எழுதிவிட்டார்கள்.

"பன்னிரண்டு வருசமா 'டொக்டர் வாறார்', 'பிரஷர் இறங்குது' எண்டுதான் சொன்னனான், அக்கா. ஒருத்தரும் எனக்கு ஒரு மனுசியைத் தரேல்ல. எனக்கிட்டச் சொந்தமா ஒண்டும் இருக்கேல்ல. அம்மா செத்தது இருந்தது. அதை ஏற்கெனவே செலவழிச்சிட்டன்."

"அது என்ர மனுசன்," என்றேன். "உன்ர நடிப்புக்கு வாய்ச்ச சாமான் இல்லை. என்ர மனுசன்."

அப்போதுதான் கதவடியில் மீரா நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவளுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. சித்தியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அது அப்பாவா?"

ஓம் என்றேன். அவள் தயாவின் மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் அதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அவள் பாய்ந்தது என் மேல். ஆங்கிலத்தில், சத்தம் போடாமல் பேசினாள். லண்டனில் இருக்கிறவளுக்குச் சொல்ல முடிந்தது எனக்குச் சொல்ல முடியவில்லையா என்றாள். சின்ன வயதில் எத்தனை தரம் கேட்டேன், ஒவ்வொரு தரமும் குசினிக்குள் போனீர்கள் என்றாள். சித்தி திருடாமல் விட்டிருந்தால் எனக்கு அப்பா ஒரு நாளும் கிடைத்திருக்க மாட்டார் என்றாள். பிறகு வெளியே போய் வீட்டுக்கு முன்னால் நின்றாள்.

தயா எழுந்து அவளிடம் போனாள். நான் ஆறிப்போன தேத்தண்ணியைக் கொட்டிவிட்டுக் கோப்பைகளைக் கழுவினேன்.

7

அதற்குப் பிறகு மீரா என்னைக் கூப்பிடுவது இன்னும் குறைந்தது. சித்தியை வாராவாரம் கூப்பிட்டாள். சென்ற வருடம் தயாவுக்கு ஈரலில் புற்றுநோய், கைமீறிவிட்டது என்று தெரிந்தபோது மீரா வேலையில் விடுப்புப் போட்டு லண்டன் போனாள். நான்கு மாதம் கூட நின்று பார்த்தாள். கடைசியில் அசல் நேர்ஸ் வேலை செய்தது என் மகள்தான்.

"அக்கா வருவாவா எண்டு சித்தி கேக்கிறா," என்று ஒருநாள் சொன்னாள். வேலை இருக்கிறது என்றேன். வேலை இருந்தது, ஆனால் லீவு கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். கேட்கவில்லை. இரண்டு கிழமையில் தயா இறந்தாள். நல்லவராக நடிக்க வேண்டாம் என்று மகள் சொன்னபடியால் எழுதுகிறேன்: செய்தி வந்தபோது முதலில் அழுகை வரவில்லை. இனி அவள் என் கதையை யாருக்கும் சொல்லமாட்டாள் என்றுதான் தோன்றியது. அழுகை வேறொரு நாள், ஆஸ்பத்திரியில் ஒரு கிழவருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. மன்னிப்புக் கேட்டு வெளியே போய்விட்டு வந்தேன்.

லண்டன் பத்திரிகை ஒன்றில் அவளுக்கு அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள். 'இந்தியாவில் பிறந்த நடிகை' என்று தொடங்கியது. மீரா அவர்களுக்கு எழுதி, இலங்கையில், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று திருத்தச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து இணையப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டார்கள். மேலே இருந்த படம், உங்களுக்குத் தெரியும், நீல உடுப்பும் கவிழ்த்துக் குத்திய மணிக்கூடும்.

8

மீரா இப்போது மெல்பேர்னுக்கே மாறி வந்துவிட்டாள். என்னோடு இல்லை, நகரத்துக்குக் கிட்ட. ஞாயிறுகளில் வருவாள். குணரத்தினம் அண்ணை கட்டுரை கேட்டதைச் சொன்னேன். எழுதுகிறதானால் சித்தி நடித்த அந்தப் படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றாள். நான் பார்த்ததே இல்லை, அந்த மண்டபத்தில் கண்ட சில விநாடிகளைத் தவிர. சென்ற ஞாயிறு மத்தியானம் மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். இருவரும் இருந்து பார்த்தோம்.

சேலை பிழை. குசினி பிழை. அவள் பேசிய ஆங்கிலத்தில் குஜராத்தி அம்மாவின் சாயல் இருந்தது. ஆனால் அந்த மனிதன் சைக்கிளில் ஏறும்போது அவள் திரும்பாமல் நின்று, கையில் இருந்த அகப்பையை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். அது நான். அந்தப் பழக்கம் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. பத்தொன்பது வயதில் போனவள் அதை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. என் தங்கை நல்ல நடிகை. அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

கடைசியில் செய்தி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொல்கிறார், சைக்கிள் மதிலடியில் நிற்கிறது என்று. அவள் வெறுங்காலோடு தெருவில் ஓடுகிறாள், ஓடிக்கொண்டே இருக்கிறாள், படம் முடிகிறது.

மீரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் அப்படித்தான் ஓடினீர்களா என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன். "சித்திக்கும் நான் அதைச் சொல்லேல்ல. அவ தானா யோசிச்சு வைச்சிருக்கிறா."

அவள் கணினியை மூடினாள்.

"செய்தி பின்னேரம்தான் வந்தது. மத்தியானம் அவர் சாப்பிட வாறவர். அண்டைக்கு வரேல்ல. எனக்கு இன்னும் கோபம். வரட்டும், ஆறின சோத்தைச் சாப்பிடட்டும் எண்டு நினைச்சன். உன்னைப் படுக்க வைச்சிட்டு நான் போட்டுச் சாப்பிட்டனான், மீரா. நல்லாப் பசிச்சது. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டனான். அந்த நேரம் அவரை..."

குசினிக்குள் போகலாம் என்று எழுந்தேன். மீரா என் கையைப் பிடித்து இருத்தினாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"என்ன கறி?"

கத்தரிக்காயும், கீரையும், சூடை மீன் பொரியலும் என்று சொன்னேன். பொரியலில் அவருக்கென்று நாலு மீன் எடுத்து மூடி வைத்ததையும் சொன்னேன்.